புல எண்ணும் இணைய இணைப்பும்

தரவுத்தளப் புலங்களைக் கொண்டு இணைய இணைப்பு அமைத்தல் என்பது, ஒரு பதிவில் உள்ள மதிப்புகளை எடுத்து, படிவத்தில் இருக்கும் ஒரு பொத்தானின் நிரல் வழியாக அவற்றை இணைய முகவரியாகக் கோத்து, உரிய பக்கத்தைத் திறக்கச் செய்யும் முறையாகும். நூலகம், ரயில் முன்பதிவு, தேர்வு முடிவு, வங்கி எனப் பல துறைகளிலும் இம்முறை கையாளப்படுகிறது. தமிழ்நாட்டில் பொதுமக்கள் இதை நேரடியாக உணரும் இடம் நிலப்பதிவேடு. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் ஆகியவற்றைப் படிவத்தில் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு குடும்பத்தின் நிலவிவரம் திரையில் வந்து நிற்கிறது.

தமிழில் ‘புலம்’ என்ற சொல் அளவை செய்யப்பட்ட நிலத்துண்டையும் குறிக்கும். தரவுத்தளத்தில் ஒரு வகைத் தகவல் இருக்கும் இடத்தையும் குறிக்கும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஆர்.கே.பேட்டைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, முதற்புலம் இரண்டாவது புலமாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

ஊர் மாறவில்லை, முகவரி மாறியது

ஆர்.கே.பேட்டை என்பது இராமகிருஷ்ணராஜுபேட்டை என்ற பெயரின் சுருக்கம். கைத்தறியும் விசைத்தறியும் வேளாண்மையும் இப்பகுதியின் முதன்மைத் தொழில்கள். தமிழும் தெலுங்கும் இங்கு பேசப்படுகின்றன. இப்பகுதி ஊர்கள் பல, கார்வேட்நகர் ஜமீனின் கீழ் இருந்தவை. 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரி மாற்றச் சட்டத்திற்குப் பின், ஜமீன் நிலங்கள் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவரப்பட்டன. அதாவது, இடைத்தரகர் இல்லாமல் அரசு நேராக உழவருக்குப் பட்டா வழங்கும் முறை வந்தது.

1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டமும் அதை அடுத்த பள்ளிப்பட்டுப் பகுதியும் 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாநிலத்தோடு சென்றன. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் அளித்த தீர்ப்பும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 முதல் இப்பகுதி சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. 1997 ஜனவரி 1 அன்று அம்மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. பள்ளிப்பட்டு வட்டத்தின் பகுதிகளைக் கொண்டு பின்னாளில் ஆர்.கே.பேட்டை தனி வட்டமாயிற்று.

ஆகவே, ஒரே கிணற்றடி நிலத்தை வைத்திருந்த ஒரு குடும்பம், ஓரடி கூட நகராமல் மாநிலம், மாவட்டம், வட்டம் ஆகிய மூன்றும் மாறக் கண்டிருக்கிறது. நிலத்தின் முகவரியை எந்தப் பெயரால் எழுதுவது, பெயர் மாறினால் பழைய ஆவணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விகள் இப்பகுதி மக்களுக்குக் கணினி வருவதற்கு முன்பே இருந்தவை.

நிலத்தில் பிறந்த எண்

1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அது நாட்டின் வடிவை அறிவதற்கான அளவை. ஒவ்வொரு உழவரின் நிலத்தையும் அளந்து எண் கொடுக்கும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் முறையாக நடந்தது. 1923ஆம் ஆண்டின் அளவை மற்றும் எல்லைகள் சட்டம் அதற்கு இன்றுவரை அடிப்படையாக உள்ளது.

அளவைக்குப் பயன்பட்ட குந்தர் சங்கிலி 66 அடி நீளமுடையது. 100 கண்ணிகள் கொண்டது. ஒரு கண்ணியை ஆங்கிலத்தில் ‘லிங்க்’ என்பர். அளவைத் துறையினர் தமிழிலும் அச்சொல்லையே பயன்படுத்தினர். ஒரு லட்சம் சதுர லிங்க் ஓர் ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. பிற்காலத்தில் இணைய இணைப்புக்கும் இதே ‘லிங்க்’ என்ற பெயர் வந்தது தற்செயலே.

அளக்கப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் கிராமத்துக்குள் ஒரு புல எண் தரப்பட்டது. நிலம் பாகப்பிரிவினையாலோ விற்பனையாலோ பிரியும்போது உட்பிரிவு எண் சேர்ந்தது. 125ஆம் புலம் இரண்டாகப் பிரிந்தால் 125/1, 125/2 என்றாகும். 125/2 மேலும் பிரிந்தால் 125/2ஏ, 125/2பி என நீளும். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை இந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எழுத்துகளில் அடங்கியிருக்கும்.

கணக்கரின் ஏடுகள்

கிராமக் கணக்குகளில் ‘அ’ பதிவேடு புல எண் வரிசையில் எழுதப்படுவது. ஒவ்வொரு புலத்தின் பரப்பு, வகை, தீர்வை, பட்டாதாரர் ஆகியவை அதில் இருக்கும். சிட்டா பட்டா எண் வரிசையில் எழுதப்படுவது. ஒருவருக்கு அக்கிராமத்தில் எந்தெந்தப் புலங்கள் உள்ளன என்பதை அது காட்டும். அடங்கல் ஒவ்வொரு பசலி ஆண்டிலும் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பதைச் சொல்லும். பசலி ஜூலை முதல் நாள் தொடங்குவது. தொடங்கும் கிறித்தவ ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி எண் கிடைக்கும். 2000 ஜூலையில் தொடங்கியது பசலி 1410. நிலத்தின் வடிவும் அளவுகளும் புலப்படப் புத்தகத்தில் இருக்கும்.

ஒருவர் தம் நிலத்தைப் பற்றிக் கேட்டால், கணக்கர் சிட்டாவில் பட்டா எண்ணைப் பார்ப்பார்; அங்குள்ள புல எண்ணைக் கொண்டு ‘அ’ பதிவேட்டைப் புரட்டுவார்; அதே எண்ணால் புலப்படத்தை எடுப்பார். நான்கு ஏடுகளையும் பிணைக்கும் பொதுவான நிரல் புல எண்ணே. 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரி, தகவலை அட்டவணைகளாகப் பிரித்து, பொது மதிப்புகளால் பிணைக்க வேண்டும் என்றது. காட் கிராமக் கணக்கைப் பார்த்தவர் அல்லர். ஆயினும் கிராமக் கணக்கை அறிந்த ஒருவருக்கு அவருடைய கருத்து அந்நியமாகத் தோன்றாது.

இம்முறையின் குறை, ஏட்டைப் புரட்டும் திறன் ஒருவரிடமே இருந்ததாகும். கணக்கர் பதவி பரம்பரையாக வந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒழித்து, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது. அதே காலத்தில், 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ்ப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. கணக்கரின் நினைவில் இருந்தவை ஏட்டில் ஏறின. ஏட்டில் அன்று தவறாக ஏறிய பெயர்களும் உட்பிரிவுகளும் பின்னர் அப்படியே கணினிக்குள்ளும் சென்றன. பல நிலவழக்குகளின் வேர் இங்கே உள்ளது.

ஏட்டிலிருந்து தரவுத்தளம்

நிலப்பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் மத்திய அரசுத் திட்டம் 1988-89இல் எட்டு மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. 2008இல் தேசிய நிலப்பதிவேடுகள் நவீனமயத் திட்டமும், 2016இல் அதன் தொடர்ச்சியாக டிஜிட்டல் இந்தியா பெயரிலான திட்டமும் வந்தன. அண்டை மாநிலமான கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் இத்துறையில் முன்னோடியாகப் பேசப்பட்டது. தமிழ்நாட்டில் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘தமிழ் நிலம்’ மென்பொருள் வட்ட அலுவலகங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. பதிவுத்துறை 2000ஆம் ஆண்டில் ‘ஸ்டார்’ திட்டத்தையும், 2018 பிப்ரவரியில் அதன் இரண்டாம் பதிப்பையும் தொடங்கியது.

கேள்வி கேட்கும் முகவரி

1989இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வலை, தொடக்கத்தில் எழுதி வைத்த பக்கங்களை மட்டுமே காட்டியது. தேடல் தேவைப்பட்டபோது, முகவரியின் இறுதியில் கேள்விக்குறி (?) இட்டு, அதன் பின் தேடுசொல்லைச் சேர்க்கும் வழக்கம் தோன்றியது. 1993இல் என்.சி.எஸ்.ஏ. நிறுவனத்தின் மொசைக் உலாவியில் படிவங்கள் வந்தன. அதே ஆண்டில் அங்கேயே உருவான சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடு, படிவத்தில் நிரப்பியதை வழங்கியில் உள்ள நிரலுக்குக் கொண்டுசென்றது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பின் வரையறையில் படிவங்கள் முறைப்படி இடம்பெற்றன. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல்.

இதன் பின் ஒரு முகவரி இரண்டு பகுதிகளைக் கொண்டதாயிற்று. கேள்விக்குறிக்கு முன் உள்ளது எந்தத் தளம், எந்த நிரல் என்பதைச் சொல்லும். பின் உள்ளது என்ன கேட்கிறோம் என்பதைச் சொல்லும். ‘வட்டம்=9’ என்பது போல ஒவ்வொரு புலப்பெயரும் அதன் மதிப்பும் சமக்குறியால் இணையும். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் அவற்றின் நடுவே உம்மைக்குறி (&) வரும்.

பொத்தானுக்குள் நடப்பது

மேசைக்கணினிகளில் தரவுத்தளத்தைப் பரவலாக்கிய மென்பொருள்களுள் ஒன்று 1992 நவம்பரில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் அக்சஸ். அதன் 97ஆம் பதிப்பில் இணைப்புகளைச் சேமிப்பதற்கென்றே ஒரு புலவகை சேர்க்கப்பட்டது. ஆனால் ஆயிரம் பதிவுகளுக்கு ஆயிரம் இணைப்புகளைத் தட்டச்சு செய்து வைப்பது வீண் வேலை. அவை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எண் மட்டுமே வேறுபடும். ஆகவே இணைப்பைச் சேமிக்காமல், தேவைப்படும் நொடியில் கட்டிக்கொள்வதே நல்ல வழி.

அதன் படிகள் பின்வருமாறு. வினவல் ஒன்று அட்டவணைகளிலிருந்து தேவையான புலங்களைத் திரட்டும். படிவம் அவ்வினவலின் ஒரு பதிவைத் திரையில் காட்டும். பொத்தானை அழுத்தும்போது இயங்கும் நிரல், முகவரியின் மாறாப் பகுதியை மேற்கோள் குறிகளுக்குள் வைத்துக்கொள்ளும்; அதனுடன் திரையில் உள்ள பதிவின் புல மதிப்பை ஒட்டும்; கிடைத்த முழு முகவரியை உலாவியிடம் கொடுக்கும்.

இங்கே கற்பவர் பலர் தடுமாறுவது உம்மைக்குறியால். விஷுவல் பேசிக் மொழியில் அது இரு சரங்களை ஒட்டும் கட்டளை. இணைய முகவரியில் அது இரு மதிப்புகளைப் பிரிக்கும் எழுத்து. ஒன்று மேற்கோள் குறிக்கு வெளியே இருக்க வேண்டும், மற்றது உள்ளே இருக்க வேண்டும். புலப்பெயரைத் தவறுதலாக மேற்கோளுக்குள் எழுதிவிட்டால், எண்ணுக்குப் பதிலாக ‘பட்டாஎண்’ என்ற பெயரே முகவரியில் போய் நிற்கும். புலம் வெறுமையாக இருந்தால் கேள்வியே இல்லாத முகவரி உருவாகும். எனவே ஒட்டுவதற்கு முன் மதிப்பு இருக்கிறதா எனச் சரிபார்ப்பது முதல் விதி.

நிலம் கற்பிக்கும் பாடங்கள்

நிலப்பதிவேட்டு எண்கள் இம்முறையின் எல்லாச் சிக்கல்களையும் ஒருங்கே கொண்டவை.

முதலாவது, சாய்கோடு. இணைய முகவரியில் சாய்கோடு பாதையின் படிகளைப் பிரிப்பது. 125/2ஏ என்பதை அப்படியே பாதையில் ஒட்டினால், 125 என்ற அடைவுக்குள் 2ஏ என்ற பக்கத்தைத் தேடுவதாக வழங்கி எண்ணக்கூடும். விரிதாளில் 12/3 என்று தட்டினால் அது தேதியாக மாறிவிடும் அனுபவம் அலுவலகப் பணியாளர் பலருக்கும் உண்டு. தமிழ்நாட்டு நிலப்பதிவேட்டுத் தளம் புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் தனித்தனியாகக் கேட்கிறது. இரு தகவலை இரு புலங்களில் வைப்பதே இச்சிக்கலுக்குச் சரியான தீர்வு.

இரண்டாவது, முன்சுழியம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் குறியெண் 33. அதனுள் திருவள்ளூர் 01, சென்னை 02, காஞ்சிபுரம் 03. இவற்றை எண் வகைப் புலத்தில் சேமித்தால் 01 என்பது 1 ஆகிவிடும். 01 என்று எதிர்பார்க்கும் வழங்கி 1ஐ ஏற்காது. குறியெண் கணக்கிடுவதற்கானது அன்று, அது எண் உருவில் உள்ள பெயர். ஆகவே அதை எழுத்து வகைப் புலத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, சிறப்பு எழுத்துகள். முகவரியில் இடைவெளி வரலாகாது. அது %20 என மாற்றி எழுதப்படும். உம்மைக்குறி %26 ஆகும். எண்குறி (#) %23 ஆகும். எண்குறியை மாற்றாமல் விட்டால், அதற்குப் பின் உள்ளது வழங்கியைச் சென்று அடைவதே இல்லை; அது பக்கத்துக்குள் உள்ள ஓரிடத்தைச் சுட்டுவதாக உலாவி கொள்ளும்.

நான்காவது, தமிழ் எழுத்து. யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ‘அ’ என்ற எழுத்து 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள் ஆகும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்துகளாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள்; எனவே 15 பைட்டுகள்; முகவரியில் 45 எழுத்துகள். நாம் நகலெடுத்து ஒட்டும் தமிழ் முகவரிகள் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வரிசையாக மாறுவதன் காரணம் இதுவே. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்பதற்கு முன் டாப், டாம், டிஸ்கி எனப் பல குறியேற்றங்கள் புழங்கின. ஒன்றில் எழுதிய பெயரை மற்றொன்று புரிந்துகொள்ளாது.

ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆர்.கே.பேட்டை, ஆர். கே. பேட்டை, இராமகிருஷ்ணராஜுபேட்டை, ராமகிருஷ்ணராஜபேட்டை என நான்கு விதமாக எழுதினாலும் மனிதர் புரிந்துகொள்வார். தரவுத்தளத்துக்கு அவை நான்கு ஊர்கள். பெயர் திரையில் தெரிய, குறியெண் முகவரியில் செல்ல வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

தாளின் அடியில் ஓர் எண்

இணையத்தில் எடுக்கும் பட்டா நகலின் அடியில், விவரத்தைச் சரிபார்ப்பதற்கு ஒரு குறிப்பு எண் அச்சிடப்பட்டிருக்கும். சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட அவ்வெண், மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றின் குறியெண்களையும் பட்டா எண்ணையும் அடுத்தடுத்துக் கோத்து, இறுதியில் மேலும் ஓர் எண்ணைச் சேர்த்து அமைந்தது. தளத்தில் அதை உள்ளிட்டால் மூலப்பதிவு தெரியும். பொத்தானின் நிரல் முகவரியைக் கோப்பது போலவே இந்தத் தாளும் தன் முகவரியைத் தன்மேல் தாங்கியிருக்கிறது.

இதன் பயன் எளியவர்க்கே மிகுதி. தறி வாங்கக் கடன் கேட்டுச் செல்லும் நெசவாளர் ஒருவரிடம் வங்கி முதலில் கேட்பது பட்டா. முன்பு அது உண்மையானதா என்பதற்கு முத்திரையும் கையெழுத்தும் வட்ட அலுவலக நடையும் தேவைப்பட்டன. இப்போது வங்கியாளர் தம் இருக்கையில் இருந்தே எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். போலிப் பட்டா காட்டி விற்க வருபவரிடம் நிலம் வாங்க இருப்பவரும் அவ்வாறே பார்க்கலாம்.

ஆனால் இணைப்பு சரியாகத் திறப்பதும் பதிவு சரியாக இருப்பதும் வேறு வேறு. உட்பிரிவின் ஓர் எழுத்து மாறினால் பக்கத்து வயலின் பட்டா வரும். பக்கம் பிழையின்றித் திறந்ததால் ‘கணினியே சொல்லிவிட்டது’ என்று எவரும் அதை நம்பக்கூடும். எனவே திரையில் வந்த பெயர், பரப்பு, எல்லை ஆகியவற்றைக் கையில் உள்ள பத்திரத்தோடும் நிலத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றும் அவசியம்.

திறந்த கதவும் பூட்டும்

முகவரியில் எண் தெரிந்தால் அதை மாற்றிப் பார்க்கவும் முடியும். பட்டா எண் 40க்குப் பதிலாக 41 என்று தட்டினால் மற்றவரின் விவரம் வருமா என்பது நிரலர் முன்கூட்டியே விடை காண வேண்டிய கேள்வி. நிலவுடைமை பொதுமக்கள் அறியத்தக்க செய்தியாக இருக்கலாம். மருத்துவப் பதிவோ மதிப்பெண் பட்டியலோ அப்படியன்று. வரிசை எண்ணோடு, ஊகிக்க இயலாத ஓர் எண்ணையும் சேர்ப்பது ஓரளவு காப்பு. கேட்பவர் யார், அவருக்குப் பார்க்க உரிமை உண்டா என வழங்கியே சோதிப்பது முழுக் காப்பு.

இதனினும் பெரிய ஆபத்து, படிவத்தில் வந்ததை அப்படியே வினவலில் ஒட்டுவது. எண் கேட்கும் இடத்தில் ஒருவர் மேற்கோள் குறியையும் எஸ்.க்யூ.எல். கட்டளையையும் எழுதினால், தரவுத்தளம் அதையும் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். 1998 இறுதியில் ‘ஃபிராக்’ மின்னிதழில் இது விளக்கப்பட்டது. வந்த மதிப்பை எப்போதும் மதிப்பாகவே கொண்டு, வினவலின் சொற்களோடு கலவாமல் தனியே அனுப்புவதே இதற்கான மருந்து.

மாறாத முகவரி

1998இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய ஒரு குறிப்பில், நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற கருத்தை வலியுறுத்தினார். முகவரி தானாக மாறுவதில்லை, மனிதரே மாற்றுகின்றனர் என்பது அவர் வாதம். ஆர்.கே.பேட்டைப் பகுதி இதற்குக் கடினமான சோதனை. வட்டம் பிரிந்தால் வட்டக் குறியெண் மாறும். அக்குறியெண்ணை உட்கொண்ட பழைய இணைப்புகளும், அச்சிட்ட தாள்களில் உள்ள எண்களும் கேள்விக்குள்ளாகும். நிர்வாக எல்லை மாறக்கூடியது; ஆகையால் நிலத்தின் அடையாளத்தை அதன்மேல் கட்டுவது எப்போதும் ஓரளவு நிலையற்றது.

2021 முதல் இந்திய அரசு முன்னெடுக்கும் தனித்துவ நிலத்துண்டு அடையாள எண், இதற்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. 14 இலக்க அளவுடைய அவ்வெண், நிலத்துண்டின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆயங்களை அடிப்படையாகக் கொண்டது. மாநிலமோ மாவட்டமோ மாறினாலும் ஆயங்கள் மாறா.

பழைய எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்திக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணையைக் காத்து வைத்தால், மாறிய முகவரியையும் மீட்கலாம். சித்தூர் மாவட்டம் என்று எழுதப்பட்ட பாட்டனின் பத்திரத்தையும், செங்கற்பட்டு என்று எழுதப்பட்ட தந்தையின் பட்டாவையும், திருவள்ளூர் என்று திரையில் தோன்றும் பெயரனின் பதிவையும் ஒரே வயலாக அடையாளம் காட்டுவது அத்தகைய அட்டவணையே. பொத்தானின் நிரலை எழுதுபவர் கோப்பது சில எண்களை மட்டுமே என்று தோன்றலாம், ஆர்.கே.பேட்டை போன்ற எல்லைப்புற ஊர்களில் அந்த எண்களின் வரிசையில்தான் ஒரு குடும்பத்தின் உரிமை நிற்கிறது.